சேஃப்டி படிக்கக் கொச்சியா, கீழக்கரையா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீடுகளில் 'சேஃப்டி' பேச்சு, அதாவது ஆலைகளில் விபத்தைத் தடுக்கும் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கான படிப்பு பற்றிய பேச்சு, அடிபடுகிறது. வளைகுடாவில் இருக்கும் மாமாவோ மச்சானோ கிளப்பிவிட்டதாகத்தான் இருக்கும்.

அந்தப் பெயரிலேயே பட்டம் வேண்டுமென்றால் கொச்சியில் குசாட் எனும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினியரிங், நான்கு வருட பி.டெக்., நுழைவுத்தேர்வு உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் அந்த ஊரைச் சுற்றியே இருப்பது இந்தப் படிப்புக்குப் பெரிய வசதி. நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரியின் பி.இ. தீயணைப்புத் துறைப் பக்கம் சாய்ந்தது. அது வேறு கதை.

உள்ளூரில் என்றால் கீழக்கரை முகமது சதக் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல். கலந்தாய்வுக்கு ப்ளஸ் டூ மார்க் போதும், வீட்டிலிருந்தே போய்வரலாம். பிறகு ஓர் ஆலையில் அனுபவம், அதன்பின் சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் ஏடிஐஎஸ் எனும் ஒரு வருடத் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ. சுற்றுவழிதான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. பாதுகாப்பு அதிகாரிக்கான விதி எந்தப் பிரிவு இன்ஜினியரிங் பட்டத்தையும் ஏற்கிறது. கூடவே 2 வருட ஆலை அனுபவமும், அரசு ஏற்கும் சேஃப்டி பட்டமோ டிப்ளமோவோ கேட்கிறது. குசாட்டில் படித்தவருக்கு அந்த டிப்ளமோ வருடம் மிச்சமாகலாம், அனுபவம் மிச்சமாகாது. சேஃப்டி பிடிக்காமல் போனாலும் மெக்கானிக்கல் கைவிடாது.

ராமநாதபுரம் சேதுபதி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் எடுத்தாலும் வழி உண்டு. செலவு சொற்பம், அனுபவம் மட்டும் 5 வருடமாக நீளும்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'வேலை உறுதி' என்று ஒட்டியிருக்கும் ஒரு வருட கோர்ஸை நம்பிப் பணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழைத் தமிழக அரசு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வந்த வழியே திரும்பிவிடலாம். நெபோஷ் என்பது சேஃப்டிக்கான ஒரு பிரிட்டன் சான்றிதழ். வளைகுடா கம்பெனிகள் கேட்பதுதான், ஆனால் அது பட்டம் இல்லை. டிகிரிக்கு மேல் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

'ஊரிலேயே வேலை' என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். தொழிலாளர் பாதுகாப்புக்கான 2020 சட்டத் தொகுப்புப்படி 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு, அபாயகரமான தொழில் என்றால் 250 பேர் இருந்தாலே, பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். வாலிநோக்கம் உப்பளம், வழுதூர் எரிவாயு மின்நிலையம் என்று விரல்விட்டு எண்ணும் நம் கரையில் அப்படி எத்தனை தேறும்? எங்கே படித்தாலும் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ துபாய்க்கோ பெட்டி கட்டித்தான் ஆகவேண்டும்.