காய்ச்சல் ஏறும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்த டாக்டர்

என் தங்கைக்கு 26 நாளாகக் காய்ச்சல். முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் மூன்று முறை பிளட் கல்ச்சர் எடுத்தார்கள், எதிலும் கிருமி வளரவில்லை. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகுதான் இந்தப் பொது மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுவந்தோம்.

முதல் நாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ரிப்போர்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. "காய்ச்சல் எத்தனை மணிக்கு ஏறும்?" என்று என்னைக் கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றேன். ஆறேகாலுக்கு அவரே வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். 39.6 டிகிரி. தோள்பட்டையிலும் வயிற்றிலும் வெளிர் சிவப்பாகத் தடிப்பு. "அரிக்குதாம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள். காய்ச்சல் இறங்கியதும் தடிப்பும் மறைந்துவிட்டது. காலையில் மட்டும் பார்த்துவிட்டுப் போன யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. ஆரம்பத்தில் தொண்டை வலி இருந்ததா என்றும் கேட்டார். இருந்தது. நான்தான் மறந்துபோயிருந்தேன்.

உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ஃபெரிடின் என்ற ரத்தப் புரதம் 8,400 வந்தது, இயல்பைவிடப் பல மடங்கு. வெள்ளை அணுக்களும் அதிகம், 18,000. மூட்டுவாதம் போன்ற நோய்களைத் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.என்.ஏ. டெஸ்ட் இரண்டும் நெகட்டிவ். அடல்ட் ஆன்செட் ஸ்டில்ஸ் டிசீஸ், அதாவது உடலின் எதிர்ப்பு அமைப்பே காய்ச்சலையும் மூட்டு வலியையும் கிளப்பும் ஓர் அபூர்வ நோய் என்று சந்தேகம் சொன்னார். ஸ்டில் என்பது 1897இல் குழந்தைகளிடம் இந்த நோயை விவரித்த டாக்டரின் பெயராம். பெரியவர்களுக்கும் வரும் என்று 1971இல்தான் பைவாட்டர்ஸ் என்ற டாக்டர் எழுதினார். இதுதான் நோய் என்று உறுதி சொல்ல ஒற்றை டெஸ்ட் கிடையாது. 1992இல் யமகுச்சி குழு வகுத்த அளவுகோலை வைத்துக் கூட்டிப் பார்க்கிறார்கள், அதுவும் தொற்று, புற்றுநோய், மற்ற மூட்டு நோய்கள் எல்லாவற்றையும் விலக்கிய பிறகு.

இங்கேதான் எனக்கு அவரிடம் கோபம் வந்தது. இந்த நோயாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகும் ஐந்து நாள் ஸ்டீராய்டு தரவில்லை. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் இதே மாதிரி வரும், ஸ்டீராய்டு போட்டுவிட்டால் பயாப்சியில் அது தெரியாமல் போய்விடலாம் என்று பொறுமையாக விளக்கினார். கழுத்து நெறியில் பயாப்சி, எலும்பு மஜ்ஜை, பெட் ஸ்கேன் எல்லாம் முடிந்து, லிம்ஃபோமா இல்லை என்றான பிறகே மருந்து. இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அவள் நெற்றியில் கை வைத்தபடியே இருந்தேன்.

குறையும் உண்டு. பயாப்சி ரிப்போர்ட் சனி, ஞாயிறு கழித்துத்தான் வந்தது. அதற்குள் ஒரு பயிற்சி மருத்துவர் வராந்தாவில் நின்றபடியே "கேன்சராகவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த இரண்டு இரவுகளையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட செய்தியை உட்கார வைத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

காரணம் புரியாத காய்ச்சலோடு அலைகிறவர்கள் மணிவாரியாக டெம்பரேச்சரை எழுதி வையுங்கள், தடிப்பு வரும்போதே போட்டோ எடுங்கள். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள், மணிக்கட்டு வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. அடுத்த ரிவ்யூவுக்கும் அந்த டெம்பரேச்சர் நோட்டோடுதான் போகப்போகிறோம்.