பாறைக்குட்டை அட்டை: மாஸ் பீச்சில் நான்கு முறை கையில் வைத்துப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் எந்த அட்டை என்று பார்த்து வாங்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்களின் சின்னக் கடைகளில், பாறைக்குட்டைகளில், அதாவது கடல் வற்றும்போது பாறைகளுக்கிடையே தேங்கும் நீரில், வாழும் உயிரினங்களை அடையாளம் காண மடிப்பு அட்டைகள் இரண்டு மூன்று விதமாகக் கிடைக்கின்றன. சிலவற்றில் நண்டு எல்லாம் ஒரு பக்கம், நத்தை எல்லாம் ஒரு பக்கம் என்று வகை பிரித்துப் போட்டிருப்பார்கள். சிலவற்றில் பாறையின் எந்த உயரத்தில் எது வாழ்கிறது என்று மேலிருந்து கீழாக அடுக்கியிருப்பார்கள். நான் 8 டாலர் கொடுத்து வாங்கியது இரண்டாவது வகை. பிளாஸ்டிக் பூச்சு, ஆறு மடிப்பு, பேன்ட் பைக்குள் அடங்கும் அளவு. 5-க்கு 4 கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பயன்படுத்திய இடம் மாஸ் பீச்சில் உள்ள ஃபிட்ஸ்ஜெரால்ட் கடல் காப்பகம். 1969 முதல் காப்பகமாக இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. கடல் வற்றும் நேரம் தெரியாமல் போனால் வெறும் அலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், அதனால் ஓத அட்டவணையில் நீர்மட்டம் 1 அடிக்கும் குறைவாக உள்ள நேரத்தைத் தேட வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வசந்த காலத்தில் அது விடிகாலையில் வரும். நானும் மகளும் மே மாதத்தில் காலை ஆறு மணிக்கெல்லாம் பாறை மேல் நின்றோம். தண்ணீரில் விரல் வைத்தால் எலும்பு வரை குளிர்கிறது. வசந்தத்தில் வடமேற்கிலிருந்து வீசும் காற்று கரையோர மேல்நீரை வெளியே தள்ளிவிடுகிறது, அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் ஏறி வருகிறது. இந்தப் பாறைகளில் இவ்வளவு உயிர் அப்பிக்கொண்டிருப்பதற்கு அதுதான் பெரிய காரணம். வெப்பக் கடலுக்கான பொதுவான கடல்வாழ் உயிரினக் கையேட்டை இங்கே எடுத்துக்கொண்டு வந்தால் ஒரு பக்கம்கூடப் பொருந்தாது.

சரி, உயரப்படி அடுக்கியது ஏன் அவ்வளவு உதவுகிறது? புதிதாகப் போகிறவர் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார், நிறம் இங்கே நிறைய ஏமாற்றும். காவி நட்சத்திர மீன் என்று பெயர், ஆனால் ஊதாவிலும் இருக்கிறது, ஆரஞ்சிலும் இருக்கிறது, பழுப்பிலும் இருக்கிறது, எல்லாம் ஒரே இனம். அதையே மட்டிகள் கருநீலப் பாய்போல அடர்ந்திருக்கும் பகுதியின் கீழ் விளிம்பில், பாறைப் பிளவுக்குள் தேடுங்கள் என்று அட்டை சொல்கிறது, அங்கே போய்க் குனிந்தால் இருக்கிறது. அந்த விளிம்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1960களில் ராபர்ட் பெயின் என்ற ஆய்வாளர் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து இந்த நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார். மட்டிகள் கீழே கீழே பரவி, கூட இருந்த மற்ற உயிர்களை நெருக்கித் தள்ளிவிட்டன. அதாவது மேலே மட்டியைத் தடுப்பது வெயிலில் காய்ந்துபோவது, கீழே தடுப்பது நட்சத்திர மீனின் வாய். பாறையில் கோடு போட்டதுபோலத் தெரியும் அந்த எல்லை அப்படி உண்டானது என்று தெரிந்த பிறகு என் மகள் ஒவ்வொரு பாறையிலும் அந்தக் கோட்டை விரலால் காட்டிக்கொண்டே நடந்தாள்.

மேல் மட்டத்தில், தெறிக்கும் நீர் மட்டுமே படும் இடத்தில், சின்ன நத்தைகளும், பாறையோடு ஒட்டியே வாழும் கொட்டலசுகளும். அதற்குக் கீழே லிம்பெட்டுகள் என்ற ஒருவகை நத்தைகள், கூம்புத் தொப்பியைக் கவிழ்த்து வைத்ததுபோல. இவற்றில் ஆந்தை லிம்பெட் என்று ஒன்று இருக்கிறது. பெரியது ஒவ்வொன்றும் சுமார் ஒரு சதுர அடிப் பாறையைத் தன் வயலாக வைத்துக்கொண்டு, அதில் வளரும் பாசியை மேய்ந்து, உள்ளே வரும் மற்றவற்றை ஓட்டாலேயே முட்டித் தள்ளும். இளம் வயதில் ஆணாக இருந்து, பெரிதான பிறகு பெண்ணாகிவிடுவதும் உண்டு. அட்டையில் இதற்கு ஒரு வரிதான், ஆனால் 'சுற்றிலும் வழித்த மாதிரி வெற்றிடம் இருந்தால் இதுதான்' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பை வைத்தே மூன்றைக் கண்டுபிடித்தோம். இப்படிப்பட்ட குறிப்பு எழுதியவர் பாறையில் மண்டியிட்டுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது குறைகள். பெரிய குறை கடல் அனிமோன், பூவைப்போலத் தெரியும் விலங்கு. அட்டையில் எல்லா அனிமோனும் பூப்போல விரிந்திருக்கிறது. நீருக்குள் இருக்கும் பெரிய பச்சை அனிமோனுக்கு அது சரி. அதன் பச்சை உள்ளே குடியிருக்கும் நுண்பாசிகளாலும் வருவது, நிழலில் இருப்பது வெளிறித் தெரியும். ஆனால் கூட்டமாக வாழும் சின்ன அனிமோன்கள் கடல் வற்றியதும் சுருங்கி மூடிக்கொள்கின்றன, உடம்பு முழுக்க மணலும் ஓட்டுத் துண்டும் ஒட்டியிருக்கும், பார்த்தால் ஈரமணல் திட்டு. மகள் அதன் மேல் கால் வைத்துவிட்டாள், 'புளிச்'சென்று தண்ணீர் பீச்சியடித்தது. "அம்மா, மண்ணு அழுதும்மா" என்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒன்று இரண்டாகப் பிரிந்து பிரிந்து பெருகிய ஒரே குடும்பம் அந்தத் திட்டு. மூடிய நிலையில் ஒரே ஒரு படம் போட்டிருந்தால் நாங்கள் சுற்றிப் போயிருப்போம். இந்த மாதிரி அட்டை போடுகிற யாராவது படித்தால், தயவுசெய்து அந்த ஒரு படத்தைச் சேருங்கள்.

அடுத்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கும் மேல் கைகள் உள்ள பெரிய உயிர், அட்டையில் 'அடிக்கடி காணலாம்' என்று போட்டிருக்கிறது. காண முடியாது. 2013-ல் தொடங்கிய நட்சத்திர மீன் அழுகல் நோயில் கலிபோர்னியாக் கரையில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அந்த நோய்க்குக் காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பழைய அச்சையே விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு குழந்தை முழுக் காலையும் தேடி ஏமாறுவதை விட, இல்லாமல் போனது என்று அட்டையிலேயே சொல்லிவிடலாம்.

அளவும் பிரச்சினை. எல்லாப் படமும் ஒரே பெருவிரல் அளவு. ரப்பர்க்காலணிபோலத் தடித்த செம்பழுப்பு கைட்டன் என்ற மெல்லுடலி 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், ஹாப்கின்ஸ் ரோஸ் என்ற ஓடில்லாக் கடல்நத்தை 3 சென்டிமீட்டர்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில்! அந்த ரோஸை நாங்கள் மூன்றாவது முறைதான் பார்த்தோம், பாறைக்கு அடியில் யாரோ பிங்க் நிற நூல்குஞ்சத்தைப் போட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது. அது தின்பதும் பாசிபோலப் பாறையில் படரும் பிங்க் நிறப் பாசிவிலங்கைத்தான், நிறம் சாப்பாட்டிலிருந்து வருகிறது. அதைப் பார்த்த அன்று வேறு எதையும் தேடவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

நத்தையா, துறவி நண்டா என்ற குழப்பத்துக்கு அட்டை நல்ல பதில் வைத்திருக்கிறது. கறுப்பு டர்பன் நத்தையின் ஓடு வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் உள்ளே நத்தை, குடுகுடுவென்று ஓடினால் உள்ளே துறவி நண்டு. இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் போதும், குட்டையில் பாதி ஓடுகள் ஓட ஆரம்பிக்கும். கரை நண்டுகளில் கொடுக்கில் ஊதாப் புள்ளி இருந்தால் ஊதா நண்டு, முதுகில் கோடு இருந்தால் வரி நண்டு, அவ்வளவுதான். பேய்க்கணவாய் படம் இருக்கிறது, நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

தொலைபேசிச் செயலி இருக்கும்போது அட்டை எதற்கு என்று என் தங்கை கேட்டாள். செயலி வீட்டுக்கு வந்து படத்தைச் சரிபார்க்க அருமையானது, நானும் செய்கிறேன். பாறையில் கை ஈரம், ஒரு கையால் குழந்தையைப் பிடித்திருக்கிறேன், திரையில் வெயில் அடிக்கிறது. அட்டை கீழே விழுந்தாலும் எடுத்துத் துடைத்தால் போதும். நான்கு முறை உப்புத் தண்ணீரில் நனைந்தும் பூச்சு பிரியவில்லை, ஒரு மடிப்பில் மட்டும் லேசாக வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது.

பின்பக்கத்தில் உள்ள நடத்தைக் குறிப்புகள் சின்ன எழுத்தில் இருக்கின்றன, பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். எதையும் எடுத்துப்போகக் கூடாது, காலி ஓட்டைக்கூட, அது அடுத்த துறவி நண்டின் வீடு. சீல்களிடமிருந்து 300 அடி தள்ளி நிற்க வேண்டும். ஒட்டியிருக்கும் எதையும் பிய்க்கக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது.

குளிர்காலத்தில் இங்கே நல்ல வற்றம் பிற்பகலில் வருகிறது, அதனால் விடிகாலையில் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. டிசம்பரில் மறுபடி போகிறோம். அதற்குள் மூடிய அனிமோனின் படத்தை அச்செடுத்து, அட்டையின் உள் மடிப்பில் ஒட்டிவைத்துவிட்டேன்.