கூனும் தோளுக்கு எது சரி: பாய் பிலாட்டிஸா, ரிஃபார்மரா, யோகாவா?

வயிற்றையும் முதுகையும் உறுதியாக்கும் பிலாட்டிஸ் பயிற்சியின் பக்கம் கோலாலம்பூரில் திரும்புகிறவர்கள் முதலில் கணக்குப் பார்ப்பது வெள்ளியை, அதாவது ரிங்கிட்டைத்தான். பங்சாரிலும் மொண்ட் கியாராவிலும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கும் ரிஃபார்மர்களில் (ஸ்பிரிங்கும் கயிறும் பூட்டிய, நகரும் பலகை கொண்ட கட்டில் போன்ற கருவி) ஒரு வகுப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு, ஏறக்குறைய ஒரு நல்ல பாயே வாங்கிவிடலாம். கோயில் மண்டபத்தில் நடக்கும் யோகா இரண்டையும்விட மலிவு. ஆனால் நிமிர்வுக்காகப் போகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் முதுகு எந்தப் பக்கம் வளைந்து கிடக்கிறது, இந்தப் பயிற்சி அதை எந்தப் பக்கம் வளைக்கிறது?

அதைச் சுவரிலேயே பார்த்துவிடலாம். குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரில் படும்படி நில்லுங்கள். முகவாயைத் தூக்காமல் பின்னந்தலை சுவரைத் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் இடைவெளி எத்தனை விரல் என்று குறித்து வையுங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்தை முன்னால் நீட்டுகிறவர்களுக்கும், எல்ஆர்டி ரயிலில் கைப்பேசிக்குள் குனிந்தே பயணம் செய்கிறவர்களுக்கும் இடைவெளி இருந்தால் ஆச்சரியமில்லை. எட்டு வாரம் கழித்து இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கண்ணாடி முகத்தாட்சண்யம் பார்க்கும், சுவர் பார்க்காது.

பாய்

ஜோசப் பிலாட்டிஸ் (1883–1967) 1945இல் வெளியிட்ட நூலில் 34 பாய்ப் பயிற்சிகள் உள்ளன. அவற்றின் வரிசையைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். மல்லாந்து தலை தூக்குவது, உருண்டு எழுவது, பந்துபோல் உருள்வது என்று தொடக்கத்தில் பெரும்பாலும் முதுகு முன்பக்கமே வளைகிறது. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் ‘ஸ்வான்’ 12ஆவதாகத்தான் வருகிறது. புதியவர்களுக்கான 45 நிமிட வகுப்பு பல நேரம் அதுவரை போவதே இல்லை. நாளெல்லாம் குனிந்திருந்தவர் காசு கொடுத்து இன்னும் கொஞ்சம் குனிந்துவிட்டு வருகிறார். வயிறு உறுதியாகும், சரி. தோள் அங்கேயே நிற்கும்.

ஆகவே பாய்தான் உங்கள் தேர்வு என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஸ்வான். குப்புறப் படுத்து, உள்ளங்கைகள் தோளுக்கு நேராக, பார்வை பாயில். அடிவயிற்றின் கீழெலும்பைப் பாயில் அழுத்தி, உச்சந்தலையை முன்னால் நீட்டிக்கொண்டே நெஞ்சை நான்கு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். 6 முறை போதும். இடுப்பில் சுருக்கென்று வலித்தால், கையை ஊன்றி இடுப்பிலிருந்து மடங்குகிறீர்கள் என்று பொருள். உயரத்தைப் பாதியாக்குங்கள். அடுத்து ‘ஸ்விம்மிங்’, குப்புறப் படுத்தபடியே எதிரெதிர் கையையும் காலையும் மாறி மாறித் தூக்குவது. அதன்பிறகு ‘ஹண்ட்ரட்’, மல்லாந்து தலையையும் கால்களையும் தூக்கி, நீட்டிய கைகளை மேலும் கீழும் அசைப்பது: 5 எண்ணிக்கை மூச்சு உள்ளே, 5 வெளியே, இப்படி 10 சுற்று. பலரும் கழுத்து வலி என்று நிறுத்துவது இதில்தான். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைமுட்டி இடம் விட்டு, பார்வையைத் தொடைமேல் வையுங்கள். அப்போதும் வலித்தால் தலையைத் தலையணையில் வைத்தே செய்யலாம், அதில் குறை ஒன்றுமில்லை. கால்களை ரொம்பத் தாழ்த்தினால் இடுப்பு பாயைவிட்டு எழும்பும். முழங்காலை மடக்கி மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

பாயின் உண்மையான குறை இதுதான்: அதில் எதையும் இழுக்க முடியாது. முன்னால் வந்த தோளைப் பின்னே கொண்டுபோக இழுவை வேண்டும். ஒரு ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியிலோ பாதத்திலோ மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்து 12 முறை, 2 சுற்று செய்தால் அந்தக் குறை பெருமளவு தீரும். பாயின் தடிமனையும் பாருங்கள். 4 மில்லிமீட்டர் யோகாப் பாயை டைல்ஸ் தரையில் விரித்து உருண்டால் முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சும் கணக்குச் சொல்லும். 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

ரிஃபார்மர்

தைப்பூசத்தில் பால்குடத்தைத் தலையில் ஏற்றிய பிறகு யாரும் கூன் போட்டு நடப்பதில்லை. நிமிரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சுமை சொல்லிவிடுகிறது. ரிஃபார்மரின் ஸ்பிரிங் செய்வதும் அதே வேலைதான். வாயால் ‘தோளைக் கீழே இறக்குங்கள்’ என்று பத்து முறை சொல்லியும் புரியாதவருக்கு, கயிற்றை ஒருமுறை இழுத்ததும் எந்தத் தசை என்று தெரிந்துவிடும். பலகைமேல் வைக்கும் நீள்பெட்டியில் குப்புறப் படுத்து, லேசான ஒரு ஸ்பிரிங்கில் இரண்டு கயிற்றையும் இடுப்புவரை இழுக்கும் பயிற்சி, கூனும் மேல்முதுகுக்கென்றே செய்தது போல இருக்கும். பாயில் இதற்கு நேரான பயிற்சி கிடையாது.

ஸ்பிரிங் அதிகமானால் கடினம், குறைந்தால் சுலபம் என்ற நினைப்பு பாதிதான் சரி. படுத்துக் காலால் தள்ளும்போது 3 அல்லது 4 ஸ்பிரிங் வேண்டும். கையையும் காலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்க் நிலையிலோ குறைவான ஸ்பிரிங்தான் கடினம். நகரும் பலகையைப் பிடித்து நிறுத்த உங்கள் வயிற்றைத் தவிர வேறு ஆளில்லை. நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே நிறத்தை மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். பலகை ‘டொக்’கென்று முட்டித் திரும்பினால் ஸ்பிரிங் உங்களை இழுத்து வந்திருக்கிறது. பயனில் பாதி அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது. தள்ளிய நேரத்தைவிட மெதுவாகத் திரும்புங்கள்.

பன்னிரண்டு பேர் நிறைந்த, பாட்டு அலறும் வகுப்பில் இதையெல்லாம் திருத்த ஆசிரியருக்கு நேரமிருக்காது. அந்த வகுப்புக்கு மாதக்கணக்கில் கட்டுவதைவிட, தனியாகவோ மூன்று பேராகவோ ஐந்தாறு முறை கற்றுக்கொண்டு, பிறகு பாய்க்கும் ரப்பர் பட்டைக்கும் மாறுவதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கணிப்பு.

யோகா

புஜங்காசனமும் சலபாசனமும் ஸ்வானுக்கு அக்கா முறை. பின்வளைவு யோகாவில் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளுக்கு இடையிலும் அது வருகிறது. இறுகிப்போன இடுப்புக்கும் தொடைக்கும் யோகா நன்றாகவே இளக்கம் தரும். ஆனால் இயல்பிலேயே வளைந்து கொடுக்கும் உடம்புக்காரர்களுக்கு இன்னும் இளக்கம் எதற்கு? முழங்கை பின்பக்கமாக வளைகிறவர்களுக்குத் தேவை பிடிமானம். அவர்கள் பிலாட்டிஸ் பக்கம் வரலாம். மூச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யோகாவில் வயிறு உப்ப மூச்சிழுத்துப் பழகியவர், பிலாட்டிஸில் விலா எலும்பைப் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னால் முதல் இரண்டு வாரம் தடுமாறுவார்.

மூன்றிலும் தீராதது சில உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பின்படி, இடுப்பு வலிக்குச் சும்மா இருப்பதைவிடப் பிலாட்டிஸ் மேல். மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூச்சு வாங்கும் அளவுக்கு நெஞ்சை வேலை வாங்குவதும் பிலாட்டிஸ் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. அதற்கு வேகநடை வேண்டும், அல்லது வாரம் ஒருநாள் பத்துமலையின் 272 படிகளை இரண்டு முறை ஏறினாலும் அந்தக் கணக்கில் கொஞ்சம் சேரும்.

எலும்புத் தேய்மானம் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ள அம்மாக்களுக்கு ஓர் எச்சரிக்கை. உருள்வது, உருண்டு எழுவது, காலை நீட்டி மூக்கு முழங்காலில் படக் குனிவது ஆகிய மூன்றும் வேண்டாம். பாயானாலும் யோகாவானாலும் முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கக்கூடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, படுத்துக் காலால் தள்ளும் ரிஃபார்மர் பயிற்சியோடும் குப்புறப் படுத்துச் சிறிதாக நெஞ்சைத் தூக்குவதோடும் தொடங்கலாம். வகுப்பில் சேரும் அன்றே ஆசிரியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டும் பயிற்சியை மாற்றித் தராத வகுப்பில், கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும்.