பழைய கச்சேரிப் பதிவுகளைப் பகிர்ந்து கேட்பது: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

பழைய கர்நாடக இசைக் கச்சேரிகளின் பதிவுகளை நண்பர்களோடு மாற்றிக்கொள்வதும், கேட்டுவிட்டு அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவதும் எனக்குக் கேசட் காலத்துப் பழக்கம். கேசட்டுக்கு அப்புறம் எம்பி3 நிரப்பிய சிடி வந்தது, அப்புறம் ஹார்ட் டிஸ்க், இப்போது இணையச் சேமிப்பில் எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டரும் கைபேசியில் ஒரு சின்னக் குழுவும். எல்லா வழியையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியாகிவிட்டது. எது நிலைத்தது, எது பயன்படவில்லை என்று எழுதி வைத்தால் புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அள்ளிக் கொடுத்தால் யாரும் கேட்பதில்லை. ஹார்ட் டிஸ்க் கைமாறிய நாட்களில் அரியக்குடி, ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்), மதுரை மணி, செம்மங்குடி, பட்டம்மாள், எம்.டி.ஆர். (எம்.டி. ராமநாதன்) என்று அந்தக் காலத்துப் பெரிய பாடகர்களுக்கு ஆளுக்கொரு ஃபோல்டராக, ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து கேட்டாலும் தீராத அளவுக்குக் கிடைத்தது. எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டார்கள், அத்தோடு சரி. "என்கிட்ட இருக்கு" என்பதுதான் பேச்சாக இருந்ததே தவிர "கேட்டேன், இப்படி இருந்தது" என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது எங்கள் வட்டத்தில் வாரம் ஒரு உருப்படிதான். முழுக் கச்சேரி ஃபோல்டரில் இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாரம் பேச்சு அந்த ஒரு கீர்த்தனையையோ ஆலாபனையையோ (பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது) பற்றி மட்டும்தான். இந்த மாற்றம் வந்த பிறகு, அதுவரை வாயே திறக்காமல் இருந்தவர்கள்கூடப் பேச ஆரம்பித்தார்கள். நான் இத்தனை வருடத்தில் பார்த்ததில் இதைவிடப் பலன் தந்த ஏற்பாடு வேறு இல்லை.

இன்னொரு பழக்கம், நிமிடத்தைக் குறிப்பிட்டுப் பேசுவது. "பிரமாதம்", "தெய்வீகம்" என்று எழுதினால் அடுத்தவர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? கைகூப்பும் படம் ஒன்று போடலாம். அதையே "எட்டாவது நிமிடம் இருபதாவது செகண்டில் பாடகர் மேல் ஸட்ஜத்தில் (மேல் 'ஸ') நிற்கும்போது வயலின் பின்தொடராமல் ஏன் பேசாமல் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள், நாலு விதமாகப் பதில் வரும். ஒருமுறை பைரவி ஆலாபனை ஒன்று போயிற்று. சாஸ்திரம் படிக்காத ஒரு நண்பர் தயங்கித் தயங்கி, "எனக்கு இது பல இடத்தில் முகாரி மாதிரியே கேட்கிறது, நான் தப்பாகக் கேட்கிறேனா?" என்றார். தப்பே இல்லை. இரண்டு ராகத்திலும் 'த' என்ற தைவத ஸ்வரத்தின் இரண்டு வகையும் உண்டு, ஏறும்போது சற்று உயர்ந்த சதுச்ருதி, இறங்கும்போது தாழ்ந்த சுத்தம். காது குழம்புவது நியாயம்தான். எங்களில் வயலின் வாசிக்கிறவர் ஒருவர் இரண்டு ராகத்திலும் ஒவ்வோர் ஆலாபனையின் தொடக்கத்தை மட்டும் வெட்டி அடுத்தடுத்து வைத்துத் தந்தார். முகாரி ஏறும்போது காந்தாரத்தை ('க') தொடாமல் ரிஷபத்திலிருந்து ('ரி') மத்யமத்துக்கு ('ம') தாண்டுகிறது. பைரவியோ அந்தக் காந்தாரத்தில்தான் அசைந்து அசைந்து தன் உருவத்தையே காட்டுகிறது. அதைக் கேட்ட பிறகு கேள்வி கேட்டவர் மட்டும் அல்ல, கச்சேரி கச்சேரியாகக் கேட்டுப் பழகிய மற்றவர்களும் பைரவியைக் கூடுதல் கவனத்தோடு கேட்டார்கள். புத்தகத்தில் ஆரோகண அவரோகணம், அதாவது ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசை, எல்லோரும் படித்ததுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் காதில் ஏறுகிறது.

சரி, பதிவின் வேகத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆதங்கம் உண்டு. பழைய பதிவுகளில் கணிசமானவை சரியான வேகத்தில் இல்லை. பெல்ட் தளர்ந்த டேப்ரெக்கார்டரில் மெதுவாக ஓடிப் பதிவான நாடா, ஒழுங்காக ஓடும் கருவியில் போட்டால் வேகமாக ஓடும், ஸ்ருதியும் ஏறிவிடும். ஆறு சதவீதம் வேகம் கூடினால் ஸ்ருதி அரைக்கட்டை (கட்டை என்பது ஸ்ருதியின் அளவு) ஏறிப்போகும், இரண்டு கட்டையில் பாடியவர் இரண்டரைக் கட்டையில் கேட்பார். எம்.டி. ராமநாதனுக்கு இது நடந்தால் பெரிய அநியாயம். அந்தக் கனத்த கீழ்ஸ்தாயிக் குரலும் சாவகாசமான விளம்ப காலமும்தானே அவர்? வேகம் ஏறிய நகலை மட்டும் கேட்டுவிட்டு "இவரிடம் என்ன விசேஷம்?" என்று ஓர் இளைஞர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைச் சரிபார்க்க நாங்கள் பயன்படுத்தும் வழியைச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். மின்சாரத்தில் ஓடிய கருவியில் பதிவானதாக இருந்தால் அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த ரீங்காரமும் 50-லும் அதன் மடங்குகளான 100, 150-லும் விழும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, இரண்டு பாட்டுக்கு நடுவே சத்தம் அடங்கியிருக்கும் சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தைப் பார்க்க வேண்டும். 50-ல் பார்ப்பதைவிட 150-ல் பார்ப்பது சுலபம், வித்தியாசம் மூன்று மடங்காகத் தெரியும். அங்கே கூர்முனை 150-க்குப் பதில் 159-ல் நின்றால் ஏறக்குறைய அரைக்கட்டை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சில பதிவுகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூர்முனை தெரியும். சரியாக 150-ல் இருப்பது பிற்பாடு நகல் எடுத்த கருவி சேர்த்தது, தள்ளி நிற்பதுதான் மூலப் பதிவுடையது. அந்தக் கால மின்சாரம் 50-லிருந்து கொஞ்சம் இறங்குவதும் ஏறுவதும் சகஜம் என்பதால் இதை மட்டும் நம்பாமல், அதே பாடகரின் அதே காலத்து வேறு பதிவோடும் ஒப்பிடுவோம். திருத்தும்போது ஸ்ருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடக் கூடாது. வேகத்தையும் சேர்த்து மாற்றுவதைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் கெட்டது இரண்டும் சேர்ந்துதான். அப்புறம், திருத்தாத மூலத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், இரண்டையும் வையுங்கள்.

இரைச்சலைப் போக்குகிறேன் என்று சிலர் செய்கிற வேலை எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. நாடாவின் 'ஸ்ஸ்' சத்தத்தை முழுக்கத் துடைத்தால் அதோடு தம்புராவின் மேல் நாதமும் மிருதங்கத்தின் வலந்தலையில் வரும் அந்தக் கணீரும் போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போன்ற ஒரு குரல். இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும்.

ஃபைல் வடிவத்தைப் பற்றி நிறையச் சண்டை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். என் அனுபவம் சுருக்கமாக: புதிதாகக் கேசட்டிலிருந்தோ ஸ்பூலிலிருந்தோ (பெரிய வட்டில் சுற்றிய பழைய நாடா) எடுப்பவர்கள் ஃப்ளாக் (FLAC) ஆக எடுங்கள். சிடி தரத்து ஒலியை அது எதையும் இழக்காமல் பாதியளவுக்குச் சுருக்கும். ஏற்கெனவே எம்பி3 ஆக வந்ததை எம்பி3 ஆகவே விடுங்கள். அதை ஃப்ளாக் ஆக மாற்றிக் கொடுப்பதால் போனது திரும்பாது, ஸ்பெக்ட்ரம் படத்தில் 16,000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியது போலத் தெரிந்துவிடும். மோசமானது, எம்பி3-ஐத் திறந்து வெட்டி மறுபடி எம்பி3 ஆகவே சேமிப்பது. அப்படி நாலு கை மாறிய பதிவில் ஜால்ரா சத்தமும் வயலின் வில் சத்தமும் ஒன்றாகக் குழைந்துவிடுகிறது. கைபேசியில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணைத்தால் உள்ளதை உள்ளபடி போய்ச் சேரும். இது தெரியாமல் பலர் வருடக்கணக்காகத் தரம் குறைந்ததையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விவரக் குறிப்பு இல்லாத பதிவு பாதிப் பதிவு. "மதுரை மணி லைவ் 3" என்று பெயர் போட்டு ஒரு ஃபைல் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யார் வயலின், யார் மிருதங்கம், சபாவா, வானொலியா, கோவில் உற்சவமா, எந்த வருடம், இவை வேண்டும். அதுவும் வருடத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. எங்களுக்கு ஒரு முறை 'அரியக்குடி, 1969' என்று ஒரு பதிவு வந்தது. வயலின் பெயர் இல்லை. கனமான, ஒரு ஸ்தாயி சேர்ந்தே ஒலிக்கிற மாதிரியான நாதம் என்பதால் சௌடய்யாவின் ஏழு தந்தி வயலினாக இருக்கும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், இருக்காது என்று ஒருவர் வாதாடினார். அப்போதுதான் ஒருவருக்குத் தட்டியது, அரியக்குடியும் சௌடய்யாவும் இருவருமே 1967-ல் மறைந்துவிட்டார்கள்! ஆக 1969 என்பது கச்சேரி நடந்த வருடமாக இருக்கவே முடியாது. பிற்பாடு வானொலியில் மறுஒலிபரப்பானபோது யாரோ வீட்டில் பதிவு செய்து அந்தத் தேதியை எழுதி வைத்திருக்க வேண்டும். இதனால் எங்கள் குறிப்பில் இப்போது 'நடந்த தேதி' தனி, 'ஒலிபரப்பான தேதி' தனி. உறுதியாகத் தெரியாததை 'ஊகம்' என்றே எழுதுகிறோம். ராகப் பெயரிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரே ராகத்தைப் பந்துவராளி என்று ஒருவர் எழுதுவார், காமவர்த்தினி என்று இன்னொருவர் எழுதுவார், தேடினால் பாதிதான் அகப்படும். ஏதாவது ஒன்றை முடிவு செய்து மற்றதை அடைப்புக்குள் போட்டால் தீர்ந்தது.

தனி ஆவர்த்தனம், அதாவது கச்சேரி நடுவே மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாடாவை மிச்சப்படுத்துவதற்காகத் தனி தொடங்கியதும் பதிவை நிறுத்தி, பல்லவி எடுக்கும்போது மறுபடி போட்டவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம்தான், அவர்களுடைய நெருக்கடி புரிகிறது. ஆனாலும் மிருதங்க மேதைகளான பாலக்காடு மணி ஐயரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் வாசித்ததில் எத்தனை தனிகள் இப்படியே போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளம், இன்னும் சிலர் 'போரடிக்கும்' என்று தனியை வெட்டி அனுப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேட்காதவர் தாண்டிப் போகட்டும். எங்கள் வட்டத்தில் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) கற்ற ஒருவர், ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ரசாபு தாளத்தில் அமைந்த ஒரு தனியை எந்த இடத்தில் நடை மாறுகிறது, முடிவு நெருங்குவதைக் காட்டும் மோஹரா எங்கே தொடங்குகிறது, முடித்து வைக்கும் கோர்வை எங்கே விழுகிறது என்று நிமிடம் போட்டு எழுதிக் கொடுத்தார். கையில் தாளம் போட்டுக்கொண்டே அதைக் கேட்டவர்களில் பலர் இப்போது தனிக்காகவே பதிவு கேட்கிறார்கள்.

புதியவர்களோடு தொடங்குவதற்கு மிகவும் ஏற்றவை 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகள்தாம். ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம். அதற்குள் ராகத்தைக் காட்டி, கீர்த்தனையைப் பாடி, இரண்டு ஆவர்த்தனம் ஸ்வரமும் போட்டு முடித்திருப்பார்கள், ஒரு பிடிகூட வீண் போயிருக்காது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பகிர்ந்த வாரம் நாகஸ்வரமே கேட்டறியாத ஒருவர் அதை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதாக எழுதினார். 1938-ல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பு நமக்குக் கேட்கக் கிடைப்பதும் அந்தத் தட்டுகளின் புண்ணியம்தான்.

உரிமை விஷயத்தில் எங்கள் நடைமுறை கண்டிப்பானது. விற்பனையில் இருப்பதைப் பகிர மாட்டோம், வாங்கிக் கேட்கச் சொல்வோம். வானொலியே தன் காப்பகத்திலிருந்து வெளியிட்டவற்றுக்கும் இதுதான். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு, ஆக மிகப் பழைய இசைத்தட்டுகளில் சிக்கல் இல்லை. வெளியாகாத சபாக் கச்சேரிகளில் கலைஞரோ குடும்பத்தாரோ வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவோம். பாடுகிறவர்களுக்குத் தெரியாமல் கைபேசியில் பதிவு செய்த இன்றைய கச்சேரிகளை ஏற்பதே இல்லை.

குறை என்று பார்த்தால் இரண்டு. இணையச் சேமிப்பு நிரந்தரம் இல்லை. நாங்கள் முன்பு நம்பியிருந்த ஒரு சேவை மூடப்பட்டபோது கையில் நகல் வைத்திருந்தவர்களால்தான் எல்லாம் பிழைத்தது. அதனால் எந்தப் பதிவும் குறைந்தது மூன்று பேர் வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இரண்டாவது, வயதில் மூத்த ரசிகர்கள். அந்தக் கச்சேரிகளை நேரில் கேட்டவர்கள் அவர்கள்தான், ஆனால் லிங்க், பாஸ்வேர்டு என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு தொலைபேசியில் பேசி, அனுமதியோடு அந்தப் பேச்சைப் பதிவு செய்கிறோம். அன்றைக்கு மைக் எப்படி இருந்தது, எந்தப் பாட்டுக்கு யார் சீட்டு அனுப்பினார்கள், மழையில் பந்தல் ஒழுகியும் யாரும் எழுந்து போகாதது, எல்லாம் வருகிறது. அந்தப் பேச்சையும் அதே ஃபோல்டரில் கச்சேரிக்குப் பக்கத்திலேயே போட்டு வைக்கிறோம், பதிவைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இப்போது முதலில் அதைத்தான் திறக்கிறார்கள்.