பெர்சியஸ் மின்நூலகம்: இலவசம்தான், ஆனால் வினைத்திரிபு தெரிந்திருக்கணும்

பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்கம் படிப்பவர்களுக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் பெரிய வரப்பிரசாதம், அதில் சந்தேகமே இல்லை. பழைய கிரேக்க எழுத்தாளர் செனபோனின் 'அனபாசிஸ்' நூலின் முதல் வரியை எடுங்கள், தாரேயோசுக்கும் பாரிசாதிசுக்கும் பிள்ளைகள் இருவர் என்று தொடங்கும். அதில் 'கிக்னோந்தாய்' என்ற வினையைச் சொடுக்கினால் நிகழ்காலம், படர்க்கை, பன்மை, அகராதி வடிவம் 'கிக்னோமாய்' என்று எல்லாம் வந்துவிடும், அங்கிருந்தே லிடல்-ஸ்காட் கிரேக்க-ஆங்கில அகராதிக்கும் தாவலாம். அந்தத் தடி அகராதியைக் கையால் புரட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், 'லூசோ' ('அவிழ்' என்ற வினையின் ஒரு வடிவம்) மாதிரி ஒன்றைக் கொடுத்தால் எதிர்காலம் என்றும் சொல்லும், ஆவோரிஸ்ட் சப்ஜங்டிவ் (நோக்கம் போன்றவற்றைச் சொல்ல வரும் வினைவடிவம்) என்றும் சொல்லும். முன்னால் 'ஹினா' ('அதற்காக' என்று நோக்கம் காட்டும் சொல்) நிற்கிறதா என்று பார்த்து முடிவுசெய்வது உங்கள் வேலை. அது தெரியாமல் முதலாம் ஆண்டிலேயே இங்கே வந்தால் குழப்பம்தான் மிஞ்சும், பாடப்புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள். அப்புறம், ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்திலேயே திறக்கும், முதல் வாசிப்பில் அதை மூடி வைப்பது நல்லது.

பழைய தளத்தின் தோற்றம் அரதப்பழசு. 2018இல் வந்த பெர்சியஸின் புதிய வாசிப்புத் தளமான ஸ்கைஃப் வாசிப்பான் கண்ணுக்கு இதம், நீண்ட பகுதி படிக்க அதையே திறக்கிறேன்.