டெம்பரேச்சர் கன்: பழைய வண்டியின் பின் ஆக்சில் புகைக்கு இது போதுமா?

அம்பாசிடர், சுமோ, குவாலிஸ், பழைய ஜீப் என்று பின்சக்கரத்தில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள், தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன்னைத் தாராளமாக வாங்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிற சாதாரண கன்னே போதும். என்ன கோளாறு என்று அது சொல்லாது. சூடு எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை மட்டும் காட்டும். பின்னால் புகை வந்தாலே ‘கிரவுன் போச்சு’ என்று, ஆக்சில் நடுவில் கிரவுன் எனும் பெரிய பல்சக்கரத்தை மூடியிருக்கும் ஹவுசிங்கை இறக்கச் சொல்பவர்கள் வேலூரிலும் உண்டு. இறக்கிக் கூலியும் கொடுத்த பிறகு பார்த்தால், இறுகிக் கிடந்தது ஹேண்ட் பிரேக் கேபிளாக இருக்கும்.

கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றியில் காட்டும் கன் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அது உடம்புச் சூட்டு அளவோடு நின்றுவிடும். வொர்க்‌ஷாப்புக்கான வகை 380 டிகிரி செல்சியஸ் வரையாவது காட்ட வேண்டும். அட்டையில் 12:1 என்று போட்டிருந்தால், 36 செ.மீ. தள்ளி நின்று பிடிக்கும்போது 3 செ.மீ. வட்டத்தின் சராசரிச் சூட்டைக் காட்டும் என்று அர்த்தம். சிவப்புப் புள்ளி குறி பார்க்கத்தான், அளப்பது அது அல்ல. மிகக் கிட்டே கொண்டுபோனால் புள்ளி ஓரிடத்திலும் அளவு இன்னோரிடத்திலும் விழும்.

மலிவான கன்னின் பெரிய குறை பளபளப்பான உலோகம். துருவும் மண்ணும் படிந்த பிரேக் டிரம், கறுப்பு பெயின்ட் அடித்த ஹவுசிங் இவற்றில் சரியாகவே காட்டும். புதிதாகக் கடைசல் பிடித்த டிரம்மிலோ அலாய் வீலிலோ நிஜச் சூட்டில் பாதியைக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. அளக்கும் இடத்தில் சூடு தாங்கும் மங்கல் கறுப்பு பெயின்ட்டை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் தீர்ந்தது.

கன்னை எடுப்பதற்கு முன் மூக்கு. கியர் ஆயிலில் கந்தகம் கலந்த மருந்து சேர்ந்திருப்பதால், காய்ந்தால் அழுகிய முட்டையும் தீக்குச்சியும் சேர்ந்த நெடி அடிக்கும். பிரேக் லைனர் கருகினால் கண்ணைக் கரிக்கும் காரமான நெடி. ரப்பர் வாடை என்றால் லோடு ஏறி டயர் எங்கேயோ உரசுகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் வாடை என்றால் சைலன்சரில் ஒட்டிய கேரி பேக்காக இருக்கலாம். அறுவடை நேரத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் போய் வந்தால் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது வேறு: ரோட்டில் போட்டிருக்கும் கொள்ளுச் செடியும் கேழ்வரகுத் தாளும், இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கும். அங்கே கன்னுக்கு வேலையில்லை. வண்டியை ஓரங்கட்டி, எல்லோரையும் இறக்கி, இன்ஜின் நின்ற பிறகு அறுத்து எடுக்க வேண்டும்.

அளக்கும் முறை இதுதான். பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பக்கமாக 20 கிலோமீட்டர் சீராக ஓட்டுங்கள். நிறுத்தும்போது பிரேக்கைக் குறைவாகவே மிதியுங்கள். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்குள் இடது டிரம், வலது டிரம், ஆக்சில் குழாயின் இரு முனைகள், நடு ஹவுசிங், பினியன் மூக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஹவுசிங்கில் சேரும் முன்பகுதி) என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

வேலூர் மே மாத வெயிலில் நடு ஹவுசிங் 80, 90 டிகிரி காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. 120-ஐத் தாண்டினால் ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. டிரம்மில் தனி எண்ணைவிட இடது, வலது வித்தியாசம் முக்கியம். 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது வீல் பேரிங் போகிறது. பேரிங் என்றால் பெரும்பாலும் ஊளைச் சத்தமும் ஆட்டமும் சேர்ந்து வரும்.

பிரேக் பிடிப்பதைப் பிரித்தறிய ஜாக்கியும் ஸ்பேனரும் போதும். ஸ்டாண்ட் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமா? ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். சுற்றினால் கேபிள்தான். சுற்றவில்லையென்றால் ஏர் எடுக்கும் திருகான பிளீடரைக் கால் திருகு திறங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் பிரஷர் உள்ளே மாட்டியிருக்கிறது என்று பொருள். திறந்தும் விடவில்லையென்றால் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது லைனர் ஒட்டிய பிரேக் ஷூவின் ஸ்பிரிங் போயிருக்கும். மாட்டிய பிரஷர் எங்கே நிற்கிறது? பிளீடரை மூடி, பெடலை ஒருமுறை மிதித்து மறுபடி இறுக்கம் வரவைத்து, பின்னால் போகும் ரப்பர் ஹோஸுக்கு முன்னால் பைப்பை இணைக்கும் நட்டான யூனியனைத் தளர்த்துங்கள். அங்கேயே விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டர் அல்லது பெடலில் ஃபிரீ பிளே (சும்மா அசையும் இடைவெளி) இல்லை. விடுபடாவிட்டால் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. இந்த வண்டிகளில் பலவற்றுக்குப் பின்பக்கம் ஒரே ஹோஸ்தான், அதனால் இரண்டு டிரம்மும் சேர்ந்தே காயும். முடித்ததும் ஏர் எடுக்க மறக்க வேண்டாம். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம் தூசியை ஏர் கன்னால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிரம் இரண்டும் சமம், ஆனாலும் புகை, கியர் ஆயில் நெடி என்றால் கன் உதவாது, டார்ச்தான். பினியன் சீலில் கசியும் ஆயிலை ஷாஃப்ட் சுழற்றி அடிக்கும், அது சைலன்சர் பைப்பில் விழுந்து புகையும். வீல் பக்க சீல் கசிந்தால் ஷூ நனைந்து, அந்தப் பக்கம் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. நனைந்த லைனரைக் கழுவிப் போடுவது வீண், ஜோடியாக மாற்றுங்கள். இரண்டு சீலும் அடுத்தடுத்துப் போகிறதென்றால் குற்றவாளி ஹவுசிங் மேலே இருக்கும் சின்ன பிரீதர். மண் அடைத்தால் சூட்டில் விரியும் காற்றுக்கு வழியில்லை, சீல் வழியே ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றிவிட்டு பிரீதரைத் தொடாத மெக்கானிக்கிடம் மறுபடி போகத்தான் வேண்டியிருக்கும். ஆயிலை மிஞ்சி ஊற்றினாலும் இதே கதி. சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை போதும். கையேட்டில் சொன்ன ஹைப்பாய்டு கியர் ஆயில், பொதுவாக ஜிஎல்-5, 80டபிள்யூ-90. இன்ஜின் ஆயில் ஊற்றிச் சமாளிப்பது கிரவுனைத் தின்றுவிடும்.

பினியன் மூக்கு மட்டும் ஹவுசிங்கைவிட மிகச் சூடாக இருந்தால், அதுவும் சமீபத்தில் கிரவுன் வேலை செய்த வண்டியில், பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். டிரெயின் பிளக்கில் மெல்லிய சாம்பல் பசை இயல்பு. கையில் தட்டுப்படும் துகள் வந்தால்தான் ஹவுசிங்கைத் திறக்கும் பேச்சு.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த கையோடு அளந்து பயப்படாதீர்கள். அப்போது டிரம் இரண்டும் கொதிக்கத்தான் செய்யும். தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும். பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது: புது டாட் 3 ரகம் கொதிப்பது குறைந்தது 205 டிகிரியில், ஈரம் ஏறிய பழசுக்கு அந்த வரம்பு 140 தான்.

கன்னை டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நிழலில் நிறுத்தாத வண்டிக்குள் காய்ந்த கன் தப்பாகக் காட்டும். வெளியே எடுத்து 15 நிமிடம் விட்டு, லென்ஸைப் பஞ்சால் துடைத்துவிட்டு அளங்கள்.