மூன்று வகைக் கொசுவலை, இரண்டு வருட அனுபவம்

பால்கனிக்கு மடிப்பு வலைக்கதவு, படுக்கையறை ஜன்னலுக்கு அலுமினிய ஃபிரேம் வலை, சமையலறைக்கு வெல்க்ரோ வலை. மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. எது உருப்படி என்று கேட்டால் அலுமினிய ஃபிரேம்தான். ஆனால் நான் மயங்கியது என்னவோ மடிப்புக் கதவைப் பார்த்துத்தான்.

அது அழகு, மறுக்கவில்லை. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து ஓரமாக ஒதுங்கிவிடும். குறுக்கே ஓடும் மெல்லிய நூல்கள்தான் வலையை விறைப்பாகப் பிடித்திருக்கின்றன. எட்டாவது மாதம் அதில் ஒன்று அறுந்தது. அன்றிலிருந்து கதவு கோணல். சரிசெய்ய வந்தவர், "குழந்தை இடிச்சிடுச்சா சார்?" என்றார். இடித்தது என் அப்பா. கண்ணாடி போடாமல் துணி எடுக்கப் போனவருக்கு வலை இருப்பதே தெரியவில்லை. இப்போது கண் மட்டத்தில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். அழகு போச்சு. கீழ்த் தடத்தில் சேரும் முடியையும் மண்ணையும் பழைய டூத் பிரஷ்ஷால் வாராவாரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு நகராது.

வெல்க்ரோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு மூலைப் பசை விட்டது. பிறகு எலி வந்து வலையையே கடித்தது. இப்போது அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை.

படுக்கையறை வலை ஃபைபர் கிளாஸ். ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 கண்கள். கொசுவுக்கு இது போதும். விளக்கைத் தேடி வரும் பொடிப்பூச்சிகளையும் தடுக்க வேண்டுமானால் 20க்கு 20 போடலாம், ஆனால் காற்று குறையும். நான் காற்றின் கட்சி.

இத்தனை இருந்தும் முதல் மாதம் கடி குறையவே இல்லை. வலையில் ஓட்டை தேடி ஓய்ந்தபின் ஓரத்தைப் பார்த்தேன்: இடது மூலையில் தீக்குச்சி நுழையும் இடைவெளி. அளவெடுத்தவர் அகலத்தை நடுவில் மட்டும் அளந்திருக்கிறார். ஜன்னல் சட்டம் எந்த வீட்டில் நேராக இருக்கிறது? மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த மூலையில் பிரஷ் போன்ற பட்டை ஒட்டியபிறகுதான் தூக்கம் வந்தது. அப்புறம், சறுக்கு ஜன்னலைப் பாதி திறந்து வைக்காதீர்கள். கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவே வழி கிடைத்துவிடும். சாயங்காலம் ஜன்னலை மூடினால் போதாதா என்பார் அம்மா. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் வலை நாள் முழுக்க வேண்டும்.

குழந்தை உள்ளவர்கள் கவனிக்க: வலை கம்பியாகாது. கையால் அழுத்தினாலே ஃபிரேமைவிட்டு வந்துவிடும். நான் ஜன்னலருகே இருந்த ஸ்டூலை எடுத்துவிட்டேன்.

மடிப்புக் கதவின் நூல் போன வாரம் மறுபடி அறுந்திருக்கிறது. ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். நூல் மாற்ற இல்லை, கீல் வைத்த சாதாரண அலுமினியக் கதவுக்கு அளவெடுக்க. மூன்று இடத்தில்.